பைக் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா? அளந்து பார்த்துத் திருத்தும் வழி

சென்னை புதுப்பேட்டையில் மீட்டர் வேலை மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "அண்ணே, முள்ளு ஜாஸ்தியா காட்டுது, சரி பண்ணணும்" என்றேன். அவர் கையிலிருந்த ஆட்டோ மீட்டரைத் துடைத்துக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"எவ்ளோ ஜாஸ்தி?"

"அது தெரியலண்ணே. ஆனா ஜாஸ்திதான்."

"ஓடுற கிலோமீட்டர் கரெக்டா இருக்கா?"

அதுவும் தெரியாது.

"ரெண்டும் தெரியாம வந்தா நான் எதத் தம்பி திருப்புறது? போய் அளந்துட்டு வா."

போய் அளந்தேன். திருத்த வேண்டிய தேவையே இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கு அவர் மீட்டரைத் திறந்து எதையாவது திருகிக் காசு வாங்கியிருந்தால் நானும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன், மீட்டரும் கெட்டிருக்கும். பைக் மீட்டர் விஷயத்தில் பாதிக்கு மேல் வேலை அளப்பதுதான். அதனால் இந்தக் கட்டுரையிலும் ஸ்க்ரூ டிரைவர் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

மீட்டர் ஏன் கூட்டிக் காட்டுகிறது

புது வண்டி வாங்கிய பலர் போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்துவிட்டு, 'மீட்டர் 54 காட்டுது, போன் 50தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க' என்று சண்டைக்குப் போகிறார்கள். அப்படி இருப்பதுதான் முறை. ஸ்பீடோமீட்டர்களுக்கான ஐ.நா. விதி எண் 39, மீட்டர் காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது என்கிறது. கூடலாம். உண்மை வேகத்தில் பத்து சதவீதம், அதற்கு மேல் இன்னும் சில கிலோமீட்டர் வரை கூட்டிக் காட்ட இடம் உண்டு. டயரின் அளவு கொஞ்சம் மாறும், ஒரு மீட்டர் போல இன்னொன்று இருக்காது. எந்த நிலையிலும் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூட்டியே வைத்துவிடுகிறார்கள்.

ஆகவே உண்மையில் 50ல் போகும்போது மீட்டர் 53, 54 காட்டினால் அது நல்ல மீட்டர். உண்மையில் 50ல் போகும்போது 47 காட்டினால் அதுதான் கெட்ட மீட்டர். சென்னையில் 2023 நவம்பரிலிருந்து இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் 50, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 என்று போக்குவரத்துக் காவல்துறை வைத்திருக்கிறது. அந்தக் கெட்ட மீட்டரில் உங்கள் முள் 48ல் நின்றாலும், போலீஸ் கையிலிருக்கும் ரேடார் துப்பாக்கிக்கு நீங்கள் 51.

உள்ளே என்ன நடக்கிறது

கேபிள் வைத்த பழைய முறை மீட்டரைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. முன்சக்கர ஹப்பில் ஒரு சின்ன கியர் பெட்டி இருக்கும். மெக்கானிக்குகள் மீட்டர் பினியன் என்பார்கள். சக்கரம் சுற்றினால் அது மீட்டர் கேபிளின் இன்னரை, அதாவது உறைக்குள் இருக்கும் கம்பியை, சுற்றும். கேபிளின் மேல்நுனி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைச் சுற்றி, தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. முள் அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்தது. காந்தம் சுற்றச் சுற்ற கிண்ணத்தில் மின்சுழல் உண்டாகி அதையும் கூடவே இழுக்கப் பார்க்கும். மெல்லிய முடிச்சுருள் ஸ்பிரிங் ஒன்று 'போதும், வா' என்று பின்னால் இழுக்கும். இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ஸே 1902ல் காப்புரிமை வாங்கிய யோசனை. நூற்றாண்டு தாண்டியும் அப்படியே ஓடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வேகத்தைக் காட்டுவது காந்தமும் ஸ்பிரிங்கும். ஓடிய தூரத்தைக் காட்டுவது பல்சக்கரங்கள். இரண்டுக்கும் கேபிள் ஒன்றே, ஆனால் மீட்டருக்குள் நுழைந்ததும் வழி பிரிந்துவிடுகிறது. பல்சக்கரம் தளராது, பொய் சொல்லாது. காந்தம் வலுவிழக்கும், ஸ்பிரிங் தளரும். புதுப்பேட்டை அண்ணன் 'கிலோமீட்டர் கரெக்டா' என்று கேட்டது இதற்குத்தான்: தூரம் சரியாக இருந்து வேகம் மட்டும் தப்பு என்றால் கோளாறு மீட்டருக்குள்ளே. தூரமும் சேர்ந்து தப்பினால் கோளாறு கீழே, டயரிலோ பினியனிலோ.

டிஜிட்டல் மீட்டரில் கேபிளுக்குப் பதில் சென்சார். சக்கரத்திலோ கியர்பாக்ஸ் அருகிலோ உட்கார்ந்து சுற்றுகளை எண்ணி அனுப்பும். வேகம், தூரம் இரண்டும் அந்த ஒரே எண்ணிக்கையிலிருந்து கணக்குப் போடப்படும்.

உங்கள் வண்டியில் எந்தச் சக்கரம் மீட்டரை ஓட்டுகிறது என்று முதலில் பாருங்கள். கேபிள் எங்கே இறங்குகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்தால் போதும். பெரும்பாலும் முன்சக்கரம். டிஜிட்டல் என்றால் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியைத் திருப்பி, ஒரு சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிப் பாருங்கள். மீட்டரில் எண் அசைந்தால் அந்தச் சக்கரம்தான்.

முதல் நாள்: காற்றும் கோலமாவும்

அளப்பதற்கு முந்திய நாள் இரண்டு வேலை. ஒன்று, டயரில் காற்று. வண்டியின் செயின் கவரிலோ பின்புறத் தண்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று போட்டிருக்கும். காலையில், டயர் சூடாவதற்கு முன், பக்கத்து பங்கிலேயே அடியுங்கள். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அடித்தால் அந்தக் கணக்கு உதவாது.

இன்னொன்று, சக்கரம் ஒரு சுற்றுக்கு உண்மையில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளப்பது. டயரின் மேலிருக்கும் அளவை வைத்துக் கணக்குப் போடலாம், ஆனால் ஆள் உட்கார்ந்ததும் டயர் தரையில் கொஞ்சம் அமுங்கும், சுற்றளவு குறையும். அதனால் தரையில் அளப்பதே மேல். நான் செய்தது இது. அடுக்ககத்தின் கீழே கார் நிறுத்துமிடம், சமதளம். அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து, மாக்கோலத்துக்குக் கரைப்பதைவிடக் கொஞ்சம் கெட்டியாக, முன்டயரின் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். வண்டியில் உட்கார்ந்து, ஹேண்டிலை நேராகப் பிடித்து, காலால் உந்தி மெதுவாக ஐந்து சுற்று போனேன். தரையில் வரிசையாக ஆறு பொட்டு. கடைசிப் பொட்டு மங்கல், ஆனால் தெரிந்தது. முதல் பொட்டின் நடுவிலிருந்து ஆறாவது பொட்டின் நடுவுக்கு மேஸ்திரிகள் வைத்திருக்கும் இரும்பு டேப்பால் அளந்தால் 9 மீட்டர் 40 சென்டிமீட்டர். ஐந்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 1.88 மீட்டர், அதாவது 1880 மி.மீ. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். (கார் நிறுத்துகிற இடத்தில் கோலம் போட்டிருக்கிறாயே என்று வாட்ச்மேன் சொன்னதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.)

டயர் மாற்றியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கம்பெனி போட்ட 2.75-18 டயரை எடுத்துவிட்டு, பார்வைக்குத் தடிப்பாக இருக்கட்டும் என்று 90/90-18 போடுகிறார்கள். கணக்குப்படி முதல் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1875 மி.மீ., இரண்டாவது 1945. கிட்டத்தட்ட 4 சதவீதம் பெரிது. பெரிய டயர் அதே தூரத்துக்குக் குறைவாகச் சுற்றும், மீட்டரும் குறைவாகக் காட்டும். ஏற்கனவே 8 சதவீதம் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்த முள் இப்போது 4 சதவீதம்தான் கூட்டும். ஒருவகையில் இலவசமாகக் கிடைத்த திருத்தம். ஆனால் முன்பு சரியாக இருந்த தூரக் கணக்கு இனி குறைவாக வரும், 10 கிலோமீட்டர் ஓடினால் 9.6 சொச்சம்தான் ஏறும். 80/100-17 டயரும் 100/80-17 டயரும் பார்க்க வேறு வேறு அகலம், சுற்றளவோ ஒன்றுதான். டயரின் உயரம், முதல் எண்ணான அகலத்தில் இரண்டாவது எண் சொல்லும் சதவீதம்: 80ல் நூறு சதவீதம் 80, 100ல் எண்பது சதவீதமும் 80. அந்த மாற்றத்துக்காக மீட்டரைத் தொட வேண்டியதில்லை.

தூரத்தை அளப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பாலம் தாண்டி மாமல்லபுரம் பக்கம், அல்லது வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. மெரினா காமராஜர் சாலை நேராக இருக்கிறதே என்று தோன்றும். காலையில் அங்கே நடக்க வருகிறவர்களும் ஓட வருகிறவர்களும் குறுக்கே போவார்கள், வேண்டாம். அண்ணா சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையின் மெட்ரோ பாதைக்குக் கீழேயும் ஜி.பி.எஸ். தடுமாறும்.

கிலோமீட்டர் கல்லை வைத்து அளக்கலாம். பெரிய கல்லுக்குப் பெரிய கல் ஒரு கிலோமீட்டர், நடுவில் 2, 4, 6, 8 என்று போட்ட சின்னக் கல் 200 மீட்டருக்கு ஒன்று. ஆனால் ஒரே ஒரு கிலோமீட்டரை நம்பாதீர்கள். சாலை விரிவாக்கம் நடந்த இடங்களில் கல்லைப் பிடுங்கி, வேலை முடிந்ததும் கை போன இடத்தில் நட்டிருப்பார்கள். பத்துக் கிலோமீட்டர் அளந்தால் அங்கங்கே இருக்கும் இருபது மீட்டர் வித்தியாசம் கரைந்துவிடும். போனில் வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே சாலைத் தூரம் பார்த்தும் ஒப்பிடலாம். நான் இரண்டையும் செய்வேன்.

மீட்டரில் கடைசி இலக்கம் நூறு மீட்டரைக் காட்டும் என்றால் வசதி. இல்லையென்றால் முழுக் கிலோமீட்டர் எண் உருண்டு வந்து சரியாக வரிசையில் நிற்கும் கணத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், தூரத்தையும் இருபது கிலோமீட்டராக நீட்டுங்கள். லேன் மாறாமல் ஒரே கோட்டில் போக வேண்டும். டீ குடிக்கக் கடை ஓரம் ஒதுங்கினால் கணக்குக் கெட்டது, திரும்பவும் முதலிலிருந்து.

கல் 10 கி.மீ. சொல்ல, மீட்டர் 10.0 அல்லது 10.1 சொன்னால் தூரம் சரி. 10.4 என்றால் 4 சதவீதம் கூடுதல். மைலேஜ் பெருமை பேசுகிறவர்களுக்கு இது முக்கியம். லிட்டருக்கு 60 தருகிறது என்று சொல்லும் வண்டியின் தூர மீட்டர் 5 சதவீதம் கூட்டி ஓடினால் உண்மை 57தான்.

வேகத்தை அளப்பது

பின்னால் ஒருவர் உட்கார வேண்டும். இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. ஓட்டுகிறவர் முள்ளையும் சாலையையும் பார்க்க வேண்டும், போனையும் சேர்த்துப் பார்க்க முடியாது. நான் என் சித்தி மகனை ஏற்றிக்கொண்டேன். "டேய், நான் 'இப்ப'ன்னு சொன்னதும் போன்ல என்ன நம்பர்னு மனசுல வச்சுக்கோ" என்று சொல்லிவைத்தேன். போனை ஹேண்டிலில் மாட்டாமல் பின்னால் இருப்பவர் கையில் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பைக் எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்திருக்கிறது. மற்றப் போன்களிலும் இதே மாதிரி நுட்பமான கேமராக்கள் இருக்கின்றன.

நேரான, சமமான, தலைக்கு மேல் வானம் திறந்த சாலை. முள்ளை 30ல் கொண்டுவந்து பத்துப் பதினைந்து நொடி அசையாமல் பிடியுங்கள். ஜி.பி.எஸ். கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், வேகம் கூட்டும்போதோ குறைக்கும்போதோ அது காட்டுவதை எழுதாதீர்கள். எண் நிலைத்ததும் 'இப்ப'. பிறகு 40, பிறகு 50. அதற்கு மேல் அந்தச் சாலையின் வேக வரம்பு இடம் கொடுத்தால் மட்டும் 60. ஒவ்வொன்றும் மூன்று முறை. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை எடுத்துவிட்டால் நல்லது. காற்று எதிரே அடித்தால் வேகத்தை நிலையாகப் பிடிப்பது கஷ்டம், திரும்பும்போது எளிதாக வரும்.

முள்ளை நேராகப் பாருங்கள். உயரமானவர்கள் மேலிருந்து பார்க்கும்போது முள்ளுக்கும் எண்ணுக்கும் இடையே உள்ள இடைவெளியில் இரண்டு கிலோமீட்டர் தாராளமாக நழுவும்.

ஜி.பி.எஸ். இல்லாமலும் செய்யலாம், கைக்கடிகாரமே போதும். 3600ஐ, ஒரு கிலோமீட்டர் போக எடுத்த நொடிகளால் வகுத்தால் வேகம். ஒரு கிலோமீட்டர் 90 நொடியில் போனால் 40, 72 நொடியில் போனால் 50. என் முதல் அளவில் முள் 50ல் வைத்து ஓட்டியபோது ஒரு கிலோமீட்டருக்கு 78 நொடி ஆனது. கணக்கு 46 சொச்சம். சித்தி மகன் கையிலிருந்த போனும் 46தான் சொன்னது.

எனக்குக் கிடைத்தது இப்படி: மீட்டர் 30, உண்மை 28. மீட்டர் 40, உண்மை 37. 50க்கு 46, 60க்கு 55. தூரம் சரி. எட்டு சதவீதம் கூட்டல், விதிக்குள் அடங்கிய ஆரோக்கியமான மீட்டர். வெள்ளை டேப் துண்டில் இந்த நான்கு வரியை எழுதி டேங்க் மேல் ஒட்டினேன். கண்ணாடியில் 54க்கு நேராக நகப்பூச்சால் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் எனக்கு உண்மையான 50. நிறையப் பேருக்குத் தேவைப்படும் 'திருத்தம்' இவ்வளவுதான்.

கோளாறு எங்கே என்று எப்படித் தெரியும்

முள் நிலையில்லாமல் ஆடினால், துள்ளினால், பெரும்பாலும் கேபிள். முள்ளும் தூரமும் இரண்டுமே செத்திருந்தால் கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் பினியன் தேய்ந்திருக்கும். முள் ஓடுகிறது, தூரம் ஏறவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும். தூரம் ஏறுகிறது, முள் செத்துவிட்டது என்றால் ஸ்பிரிங் அல்லது கிண்ணம். இரண்டும் ஒரே சதவீதத்தில் இறங்கியோ ஏறியோ இருந்தால் டயர் அளவு, அல்லது யாரோ வேறு மாடல் வண்டியின் பினியனைப் போட்டிருக்கிறார்கள்.

தூரம் சரி, வேகம் மட்டும் தப்பு என்றால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். தப்பு எல்லா வேகத்திலும் ஒரே எண்ணா, ஒரே சதவீதமா? உண்மை 30க்கு 38ம் உண்மை 50க்கு 58ம் காட்டினால் ஒரே எண், எட்டு. முள் தன் தண்டில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, எடுத்து மாட்டினால் தீரும். உண்மை 30க்கு 36ம் 50க்கு 60ம் காட்டினால் ஒரே சதவீதம். அதற்கு முள்ளை நகர்த்தினால் ஒரு வேகத்தில் சரியாகும், மற்ற எல்லாவற்றிலும் தப்பும். அது காந்தத்தின் வலுவைக் கூட்டிக் குறைக்க வேண்டிய வேலை. அதற்கான கருவி மீட்டர் கடைக்காரரிடம்தான் இருக்கும்.

கேபிள்: வீட்டிலேயே செய்ய வேண்டியது

மழைக்காலம் முடிந்து மார்கழியில் சென்னையில் ஆடும் முட்களில் முக்கால்வாசி கேபிள் கோளாறுதான். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ அச்சு மூழ்கும் தண்ணீரில் ஒரு முறை தள்ளிக்கொண்டு போனால் போதும், பினியனில் இருந்த கிரீஸ் போய் மணல் வந்து உட்கார்ந்துவிடும். காசிமேடு, திருவொற்றியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இரவில் வண்டியை வெளியே நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

கேபிளின் மேல் நட்டைக் கையால் கழற்றலாம், இறுகியிருந்தால் ஒரு துணியைச் சுற்றி பிளையரால் மெதுவாக. கீழே பினியனில் ஒரு ஸ்க்ரூவோ கிளிப்போ இருக்கும். இன்னரை மேலே இருந்து உருவுங்கள். சில வண்டிகளில் கீழே இருந்துதான் வரும், வராத பக்கம் பலம் காட்ட வேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். வழவழப்பான தரையில் போட்டு உள்ளங்கையால் உருட்டுங்கள். சீராக உருண்டால் நல்லது. ஓரிடத்தில் எகிறிக் குதித்தால் அங்கே வளைந்திருக்கிறது, முள்ளும் ஒவ்வொரு சுற்றிலும் அதே மாதிரி குதிக்கும். நிமிர்த்திப் பயனில்லை, புது கேபிள் போடுங்கள். விலை பெரிதில்லை, ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பழைய வண்டிகளுக்குக்கூடக் கிடைக்கும். பழைய கேபிளைக் கையோடு எடுத்துப்போய் நீளத்தையும் இரண்டு நுனிகளையும் ஒப்பிட்டு வாங்குங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கி, நான்கு விரல் குறைவாக வந்து இரண்டாம் முறை போனவன் நான்.

கிரீஸ் போடும்போது கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும், மெல்லிய படலமாக. மேலே ஒரு சாண் உலர்ந்தே இருக்கட்டும். இன்னர் சுற்றும்போது கிரீஸ் மேலே ஏறும். மீட்டருக்குள் போனால் கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒட்டி முள்ளைக் கடைசிவரை இழுத்துவிடும். 'நல்லா வழவழன்னு போடு' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். திரும்ப மாட்டியதும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் எங்கும் மடங்கக் கூடாது, இறுகக் கூடாது.

பினியனில் ஏமாந்துவிடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பல வண்டிகளில் ஹப்பில் இரண்டு பள்ளம், பினியனுக்குள் இருக்கும் வளையத்தில் இரண்டு காது. காது பள்ளத்தில் உட்கார்ந்த பிறகுதான் அச்சு நட்டை இறுக்க வேண்டும். ஒருமுறை முன்டயர் பஞ்சர் போட்ட இடத்தில் அவசரத்தில் மாட்டி நட்டை முறுக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் மீட்டர் செத்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டு காதும் அப்பளம் போல நசுங்கியிருந்தன. அதிலிருந்து, முன்சக்கரம் மாட்டியதும் அச்சு நட்டை இறுக்குவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றச் சொல்லி, கேபிள் நுனி சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே இறுக்க விடுகிறேன்.

மீட்டரைத் திறப்பது

தூரம் சரியாக இருந்து, முள் குறைத்துக் காட்டினாலோ மிக அதிகமாகக் கூட்டினாலோ மட்டும் இந்தப் பகுதி. புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் ஒரு பழைய மீட்டரை வாங்கிக் கைப்பழக்கம் செய்வது நல்லது. முடிச்சுருள் ஸ்பிரிங்கை விரல் தொட்டாலே போச்சு.

முதலில் கேபிள் கணக்கு. மேல்நுனியைக் கழற்றி, இன்னரில் ஒரு காகிதக் கொடியை ஒட்டுங்கள். ஒருவர் வண்டியைத் தள்ள, சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று போகும்போது கொடி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். எனக்கு 27. ஒரு சுற்றுக்கு 2.7. அதைக் கோலமாவு கணக்கின் 1.88 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 1.436, கிலோமீட்டருக்கு 1436 சுற்று. 60 வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆகவே கேபிள் நிமிடத்துக்கு 1436 முறை சுற்றினால் வண்டி உண்மையில் 60ல் போகிறது. ஜப்பானிய முறை மீட்டர்கள் 1400 சுற்றுக்கு 60 காட்டும்படி செய்யப்பட்டவை, அதனால் இந்த எண் அந்தப் பக்கம்தான் வரும். ரொம்பத் தள்ளி வந்தால் மறுபடி எண்ணுங்கள்.

மீட்டரை வண்டியிலிருந்து எடுத்து, வேகம் தெரிந்த டிரில்லில் பழைய இன்னர் துண்டு ஒன்றைப் பொருத்தி, மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். கேபிள் எந்தப் பக்கம் சுற்றியது என்று கொடி எண்ணும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் முள் பூஜ்யத்துக்குக் கீழே போக முட்டும். மீட்டர் கடைகளில் இதற்கென்று மோட்டார் பொருத்திய பலகையே வைத்திருப்பார்கள்.

முள்ளை எடுப்பதற்கு முன் ஒரு காரியம். பூஜ்யத்தில் நிற்கும் முள் உண்மையில் ஒரு சின்னக் கம்பியில் சாய்ந்து நிற்கிறது. அதை மெல்லத் தூக்கிக் கம்பிக்கு மேலாக விட்டால், ஸ்பிரிங் இழுத்துப் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போய் நிற்கும். அந்த இடத்தில் டயலில் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். அதுதான் அந்த மீட்டரின் உண்மையான ஓய்விடம். இந்தக் குறி இல்லாமல் முள்ளை எடுத்தவர்கள் பிறகு கண்மதிப்பில் மாட்டிவிட்டு அவதிப்படுவார்கள். டயல்மேல் துணி விரித்து, இரண்டு டீஸ்பூனை முள்ளின் இருபுறமும் அடியில் நுழைத்து ஒரே நேரத்தில் நெம்பினால் முள் நேராக மேலே வரும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் தண்டு வளையும்.

எல்லா வேகத்திலும் ஐந்து குறைத்துக் காட்டியது என்றால், குறியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவு மேலே தள்ளி மாட்டுங்கள். மறுபடி டிரில்லில், மறுபடி சாலையில். முடிவில் உண்மை 50க்கு மீட்டர் 52, 53 காட்டும்படி விடுங்கள், சரியாக 50ல் நிறுத்த ஆசைப்படாதீர்கள். டயர் தேயத் தேய எப்படியும் கூடும், புது டயர் போட்டால் குறையும். அந்த இரண்டு மூன்று கிலோமீட்டர் இடைவெளி உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

கம்பெனி டிஜிட்டல் கன்சோலில் முள் இருந்தாலும் அதை ஒரு சின்ன மோட்டார் ஓட்டுகிறது. அதைத் தொட வேண்டாம்.

டிஜிட்டல் மீட்டர்

வெளியே வாங்கிப் பொருத்தும் டிஜிட்டல் மீட்டர் என்றால் வேலை சுலபம். மெனுவில் சக்கரச் சுற்றளவு மில்லிமீட்டரிலும், ஒரு சுற்றுக்கு எத்தனை காந்தம் என்றும் கேட்கும். 1880 போட்டு, பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மீட்டர் 10.4 காட்டினால், 1880ஐ 10ஆல் பெருக்கி 10.4ஆல் வகுத்து 1808 என்று மாற்றுங்கள். அவ்வளவுதான்.

கம்பெனி மீட்டரில் பொதுவாக இந்த மெனு இருக்காது. சென்சார் ஒயருக்கு நடுவே பொருத்தும் ஸ்பீடோஹீலர் போன்ற திருத்தக் கருவிகள் உண்டு, எத்தனை சதவீதம் கூட்ட, குறைக்க என்று அதில் போட்டால் போதும். கியர்பாக்ஸில் சென்சார் உள்ள வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டை (செயினை ஓட்டும் பல்சக்கரத்தை) 14 பல்லிலிருந்து 15க்கு மாற்றியவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும். சக்கரம் 7 சதவீதம் வேகமாகச் சுற்றும், மீட்டருக்கு அது தெரியாது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சக்கரத்தின் பல்வளையத்தையும் அதன் சென்சாரையும் மீட்டருக்காகத் தொடாதீர்கள். அந்தச் சென்சார் பிரேக்குக்கும் தகவல் கொடுக்கிறது.

எண்ணைக் குறைக்கச் சொன்னால்

திறந்த மீட்டரைப் பார்த்ததும் 'கிலோமீட்டரையும் கொஞ்சம் கொறச்சு வைக்கட்டுமா' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியை வாங்கப் போகிறவரை ஏமாற்றும் வேலை அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கழற்றுவதற்கு முன்பே தூர எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரையே மாற்ற வேண்டி வந்தால், பழையது எத்தனையில் நின்றது, புதியது எத்தனையில் தொடங்கியது, என்றைக்கு என்று மூன்றையும் கடைக்காரரின் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லை ஆர்.சி. புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். 41,268ல் நின்றது, சைபரில் தொடங்கியது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் கூட்டிக்கொள்கிறேன்.